மொட்டை மாடிக்குச் சணல் சாக்கு விரிப்பு: ஒரு கோடைக்காலப் பயன்பாட்டுக்குப் பின்

காட்பாடியில் மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு ஏப்ரல் மாதத்தின் பகலைவிட இரவே கொடியது. பகலெல்லாம் வெயிலை வாங்கிக்கொண்ட கான்கிரீட் தளம், பொழுது சாய்ந்த பிறகுதான் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கத் தொடங்குகிறது. மின்விசிறியைச் சுழலவிட்டால் அதே அனல்தான் முகத்தில் அடிக்கும். இதற்கு மாற்றாகப் படுக்கையறைக்கு மேலுள்ள பகுதியில் மட்டும் விரிப்பதற்காக, இருபது பழைய சணல் சாக்குகளைக் கோணி ஊசியால் இணைத்துத் தைத்த விரிப்பு ஒன்றை, தையற்கூலி உட்பட 900 ரூபாய்க்கு உள்ளூர்ச் சாக்குக் கடையொன்றில் வாங்கினேன். சாக்குகளைப் பிரிக்காமல் இரண்டு அடுக்காகவே விட்டதில் ஏறத்தாழ 115 சதுர அடி மூடியது.

புதிதாகப் போட்ட தளம் காயாமலிருக்கக் கொத்தனார்கள் ஈரச் சாக்கு விரிப்பதைப் பார்த்திருப்போம். இங்கே நமக்கு வேண்டியது ஈரம் அன்று, அந்த ஈரம் ஆவியாகிப் போவதுதான். ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம், அதாவது சுமார் 0.67 யூனிட் மின்சாரத்துக்கு இணையான சூடு தேவைப்படுகிறது. வெறும் தரையில் ஊற்றிய நீர் சில நிமிடங்களில் ஓடியும் உலர்ந்தும் போய்விடும். சணலின் நுண்துளைகள் அதைப் பிடித்துவைத்து, மேற்பரப்பு உலர உலர உள்ளிருந்து மேலே ஏற்றித் தருகின்றன. மண்பானை செய்வதும் இதே வேலைதான்.

தொடாமல் சூடு அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு அளந்து பார்த்தேன். வெறும் தளம் 57 டிகிரி செல்சியஸ். சாக்கைத் தூக்கிப் பார்த்த இடத்தில் 37. நீர் ஊற்ற மறந்த மற்றொரு நாளில், உலர்ந்த சாக்கின் கீழே 46 இருந்தது. நிழலால் கிடைத்த பயன் அது. மீதிதான் நீரின் வேலை. இரவு எட்டு மணிக்கு அறையின் உட்கூரை 40 டிகிரியிலிருந்து 34-க்கு இறங்கியதையே நான் உண்மையான பலனாகக் கருதுகிறேன்.

இதற்கு நாளொன்றுக்குச் சுமார் 90 லிட்டர் நீர் செலவானது. காலை ஒன்பது, பகல் பன்னிரண்டரை, மூன்று மணி என மூன்று தவணையாக, ஒவ்வொரு முறையும் இரண்டு வாளி ஊற்றினேன்; காலையிலேயே மொத்தமாக ஊற்றினால் பாதி வடிகுழாயில் போய்விடுகிறது, சாக்கோ உச்சி வெயிலில் மொரமொரவென்று கிடக்கிறது. குடிநீருக்கே லாரியை எதிர்பார்த்திருக்கும் தெருக்களில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதே மேல். கடற்காற்றில் ஈரப்பதம் மிகுந்த சென்னை போன்ற ஊர்களிலும் இந்த அளவு பலனை எதிர்பார்க்க முடியாது. இங்கேயே, மே மாதக் கோடைமழைக்கு மறுநாள் காற்று புழுங்கியபோது சாக்கு மாலைவரை ஈரமாகவே கிடந்தும் தளம் அவ்வளவாகக் குளிரவில்லை.

குறைகளும் உண்டு. துவைத்து உலர்த்திய சாக்கு என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். ஆனால் அவற்றில் சில சர்க்கரை மூட்டைச் சாக்குகள் என்பதை மூன்றாம் நாளே எறும்புகள் எனக்கு அறிவித்துவிட்டன. இரண்டு சாக்குகள் பிளாஸ்டிக் இழை கலந்தவை. அவற்றின்மேல் ஊற்றிய நீர் முத்து முத்தாக உருண்டு ஓடியதே தவிர உள்ளே இறங்கவில்லை. வாங்கும்போது ஒரு குவளை நீரை ஊற்றிப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு நிறைந்தது என்பதால், ஒரு மாதத்தில் இழைகளின்மேல் வெள்ளையாகப் படிந்து சாக்கு விறைத்துப்போனது. வாரம் ஒரு முறை உதறி அலசிய பின்பே மீண்டும் நன்றாக உறிஞ்சியது. தளத்தில் விரிசல் இருப்பவர்கள் அதை அடைக்காமல் இதைத் தொடவே கூடாது. என் வீட்டு உட்கூரையின் மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஈரக்கறை ஒன்று இன்னும் இருக்கிறது.

ஜூன் இறுதியில் சுருட்டியபோது, தரையோடு ஒட்டிக்கிடந்த அடியடுக்கில் ஆறு சாக்குகள் இற்றுப்போயிருந்தன. அவற்றைத் தென்னை மரத்தடியில் மூடாக்காகப் போட்டுவிட்டேன். மீதியை அடுத்த ஆண்டுக்காக உலர்த்தி எடுத்துவைத்திருக்கிறேன்.