பங்கா, பாக்கியா, குறியீடா? பின்தங்கிய பகுதிக்குப் பணம் பிரிக்கும் மூன்று கணக்குகள்

பின்தங்கிய பகுதிக்குக் கூடுதல் நிதி தர வேண்டும் என்பதை மறுப்பவர் அநேகமாக யாருமில்லை. எவ்வளவு, எந்தக் கணக்கில் என்று கேட்டால்தான் சண்டை தொடங்கும். மூன்று கணக்குகள் நடைமுறையில் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கின்றன. இத்தாலி மக்கள்தொகைப் பங்கை எடுத்துக்கொண்டது. மகாராஷ்டிரம் பாக்கியைக் கணக்கிட்டது. கர்நாடகம் குறியீடு போட்டது.

இத்தாலியின் கணக்கு மிக எளிது. நேப்பிள்ஸ் நகரம் இருக்கும் கம்பானியா, சிசிலி, சார்டினியா உள்ளிட்ட தெற்கின் 8 மாநிலங்களில் நாட்டு மக்களில் ஏறத்தாழ 34% பேர் வாழ்கிறார்கள். எனவே மத்திய அமைச்சகங்கள் வழக்கமான மூலதனச் செலவில் அதே அளவு பங்கைத் தெற்குக்கு ஒதுக்க வேண்டும் என்று 2017இல் சட்டம் வந்தது. கொரோனாவுக்குப் பிந்தைய மீட்புத் திட்டத்தில் இந்தப் பங்கு குறைந்தது 40% என்று உயர்த்தப்பட்டது. யாரும் ஒரே நிமிடத்தில் சரிபார்க்கக்கூடிய கணக்கு இது. அதுதான் இதன் பலம். ஆனால் தலைக்கு ஒரே தொகை என்றால் இடைவெளி மேலும் அகலாமல் இருக்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே விழுந்த பள்ளம் அப்படியே கிடக்கும். இன்னொரு சிக்கல், பங்கை ஒதுக்கினாலும் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். மீட்புத் திட்டப் பணத்தின் ஒரு பகுதி போட்டி விண்ணப்பம் மூலம் போனது. குழந்தைக் காப்பகங்கள் கட்டும் திட்டத்துக்குத் தெற்கு நகராட்சிகளிலிருந்து போதிய விண்ணப்பம் வராததால், 2022இல் கடைசி நாளை நீட்டிக்க வேண்டியிருந்தது. காப்பகம் அதிகம் தேவைப்பட்ட ஊர்களில்தான் திட்ட அறிக்கை எழுதப் பொறியாளர் இல்லை.

மகாராஷ்டிரத்தின் வழி பழைய பள்ளத்தையே அளக்கிறது. 1983இல் அமைக்கப்பட்ட தாண்டேகர் குழு சாலை, பாசனம், கிராம மின்வசதி, பொதுக்கல்வி, தொழில்நுட்பக் கல்வி, சுகாதாரம், குடிநீர், நில மேம்பாடு, கால்நடை மருத்துவம் என 9 துறைகளை எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு துறையிலும் ஒரு மாவட்டம் மாநிலச் சராசரிக்கு எவ்வளவு கீழே நிற்கிறதோ அதுதான் அதன் பாக்கி. மராத்தியில் 'அனுசேஷ்' என்பார்கள். அந்தக் குறையை நிரப்ப ஆகும் செலவைக் கூட்டினால் வந்த தொகை 3,186.78 கோடி ரூபாய். அதில் மாநிலத்தின் கிழக்குப் பகுதியான விதர்பாவுக்கு 39.12%, நடுப்பகுதியான மராத்வாடாவுக்கு 23.56%. நியாயத்தின் பக்கம் நின்று பார்த்தால் மூன்றில் இதுதான் மேலானது. உனக்கு இவ்வளவு தரவேண்டியிருக்கிறது என்று அரசே ஒப்புக்கொள்ளும் கணக்கு அல்லவா!

கோளாறு, பாக்கியை ரூபாயில் எழுதுவதில் இருக்கிறது. ஒரு மாவட்டத்துக்கு 1,000 கி.மீ. சாலை குறைவு, கி.மீ.க்கு 10 லட்சம், ஆக 100 கோடி பாக்கி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10 கோடியாகப் பத்துத் தவணையில் தருகிறார்கள். கட்டுமானச் செலவு ஆண்டுக்கு 8% ஏறினால், 100 கோடியும் செலவாகி முடியும்போது போட்டிருக்கும் சாலை சுமார் 725 கி.மீ. தான். மீதி 275 கி.மீ. காகிதத்தில் தீர்ந்துவிடும். பாக்கியைக் கி.மீ., ஹெக்டேர், படுக்கை எண்ணிக்கை என்றே எழுதி, ஆண்டுதோறும் அன்றைய விலையில் பணமாக மாற்றினால்தான் இந்த ஓட்டை அடையும்.

பாசனத்தில் இது இன்னும் கொடுமை. விதர்பாவின் பண்டாரா மாவட்டத்தில் வைன்கங்கா ஆற்றின் குறுக்கே கோசிகுர்த் அணைக்கு 1980களின் தொடக்கத்தில் போட்ட மதிப்பீடு 372 கோடி. 1988இல் அடிக்கல் நாட்டினார்கள். பிறகு அந்த மதிப்பீடு 18,000 கோடியையும் தாண்டியது. நிலம் எடுப்பதும் மறுகுடியமர்த்தலும் வன அனுமதியும் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்தன. அணை எழுந்தபின்னும் கால்வாய்கள் முடியவில்லை. வயலுக்குத் தண்ணீர் வராதவரை பாக்கி தீரவில்லை என்றே எழுத வேண்டும்.

இன்னொரு ஓட்டை மாவட்டத்தை அலகாகக் கொண்டது. சாத்தாரா மாவட்டத்தில் கராட் பக்கம் கிருஷ்ணா ஓடுகிறது, கரும்பு விளைகிறது. அதே மாவட்டத்தின் மாண் தாலுகாவில் குடிக்கத் தண்ணீர் லாரி வர வேண்டும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் மாண் மறைந்துபோகும்.

கர்நாடகத்தின் நஞ்சுண்டப்பா குழு 2002இல் இதைத்தான் சரிசெய்தது. அலகு தாலுகா. 35 அளவைகளைச் சேர்த்து ஒரே குறியீடு. மாநிலச் சராசரி 1. அன்றிருந்த 175 தாலுகாக்களில் 114 பின்தங்கியவை, அவற்றில் 39 மிகமிகப் பின்தங்கியவை (0.53 முதல் 0.79 வரை). அந்த 39இல் 21 மாநிலத்தின் வடகிழக்கே உள்ள குல்பர்கா கோட்டத்தில் இருந்தன. ஆனால் பெங்களூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் கனகபுராவும் பட்டியலில் வந்தது. வடக்கு, தெற்கு என்று மட்டும் பார்த்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

பணம் பிரிப்பதும் சுலபம். 0.60 வாங்கிய தாலுகாவின் குறை 0.40, 0.90 வாங்கியதன் குறை 0.10. கையில் 50 கோடி இருந்தால் 40, 10 என்று பிரியும். மக்கள்தொகையால் பெருக்கிக்கொள்ள மறந்தால் சின்ன தாலுகாவுக்கு அளவுக்கு மீறிப் போய்விடும். குறியீட்டின் பெரிய பலவீனம், அது பழசாகிப் போவது. 2002 குறியீட்டை இருபது ஆண்டுக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இதற்கிடையில் தாலுகாக்கள் பிரிந்து எண்ணிக்கை 230ஐத் தாண்டிவிட்டது. புதிய தாலுகாவுக்குத் தாய்த் தாலுகாவின் பழைய எண்தான். 2024இல்தான் பொருளாதார அறிஞர் எம். கோவிந்த ராவ் தலைமையில் புதிய குழு அமைந்தது.

நஞ்சுண்டப்பா குழு செய்த இன்னொரு நல்ல காரியம் பலர் கண்ணில் படுவதில்லை. 8 ஆண்டுக்கு 31,000 கோடி என்று பரிந்துரைத்தபோது, 16,000 கோடி வழக்கமான திட்டச் செலவிலிருந்து, 15,000 கோடி அதற்கு மேல் என்று பிரித்தே எழுதியது. இப்படிப் பிரிக்காவிட்டால், சிறப்பு நிதி வந்ததும் துறைகள் தங்கள் வழக்கமான ஒதுக்கீட்டை அந்தப் பகுதியிலிருந்து உருவிக்கொள்ளும். இந்தக் கையில் கொடுத்து அந்தக் கையில் பிடுங்குவதுதான். சிறப்பு நிதி தொடங்குவதற்கு முந்தைய 5 ஆண்டில் அந்தப் பகுதியில் துறைவாரியாக உண்மையில் செலவானதன் சராசரியை எடுத்து, விலையேற்றத்தைக் கூட்டி, அதற்குக் கீழே போகக்கூடாது என்று கட்டிவைக்க வேண்டும். பட்ஜெட் எண்ணை எடுக்கக்கூடாது, கணக்குத் தணிக்கையான செலவை எடுக்க வேண்டும்.

தாலுகாக்களுக்குள் பிரிக்கக் குறியீடு, இலக்கு வைக்கப் பௌதிக அளவில் பாக்கி, வழக்கமான ஒதுக்கீடு உருவப்படுவதைத் தடுக்க மக்கள்தொகைப் பங்கு: மூன்றையும் இப்படி அடுக்கினால் ஒன்றின் ஓட்டையை மற்றது அடைக்கும். ஆனால் முதல் ஆண்டுப் பணத்தில் கட்டுமானத்தைத் தொடாமல் நில அளவை, திட்ட அறிக்கை, நிலம் எடுப்பு, பொறியாளர் நியமனம் இவற்றை முடிக்க வேண்டும். கல்யாண கர்நாடகத்துக்கு (குல்பர்கா கோட்டப் பகுதி) வழிசெய்த அரசியலமைப்பின் 371ஜே பிரிவு வளர்ச்சி வாரியத்தோடு அரசு வேலையில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கீட்டையும் சேர்த்தே கொடுத்தது. பொறியாளர் இடம் காலியாகக் கிடக்கும் தாலுகாவில், மார்ச் மாதம் நெருங்கியதும் பணம் சுற்றுச்சுவராகவும் சமுதாயக் கூடமாகவும் மாறும். அவற்றுக்குப் புதிதாக நிலம் எடுக்க வேண்டாம், வன அனுமதி வேண்டாம், நான்கு வாரத்தில் பில் போட்டுவிடலாம். கால்வாய் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.