அணிநடைப் பாட்டும் பதுங்குகுழிப் பாட்டும்

முதல் உலகப் போரில் மாண்ட வீரர்களுக்காகப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் எழுப்பப்பட்ட பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்தின் அருகே, சிப்பாய்கள் தங்களுக்காகவே ஆக்கிய பாட்டொன்றைப் பாடுவதென்றால், இரண்டைச் சீர்தூக்கலாம்.

முதலாவது, இந்திய தேசிய இராணுவத்தின் ‘கதம் கதம் படாயே ஜா’. மலாயாவில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட கூர்க்கா வீரரான ராம் சிங் தாக்கூரி இதற்கு இசையமைத்தார். இந்தி புரியாதவருக்கும் கால் தானாக எழும். அதுவே அதன் வேலை.

மற்றொன்று, 1917இல் பிரெஞ்சுப் படைகளில் கலகம் மூண்டபோது ஒலித்த ‘கிரான் பாட்டு’. எழுதியவர் பெயர் தெரியாத இப்பாட்டு, போருக்கு முன் புகழ்பெற்றிருந்த ஒரு காதல் பாட்டின் வால்ட்ஸ் மெட்டில் அமைந்தது. மூன்று தட்டுத் தாளமாதலால் இதற்கு அணிவகுத்து நடக்கவே முடியாது. படை இடம் மாறியபோதெல்லாம் லோரெத், வெர்தன், கிரான் என ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிப் பாடினார்கள். வாழ்வுக்கும் காதலுக்கும் விடைகொடுக்கும் அதன் பல்லவியை மேலதிகாரிகள் விரும்பாததில் வியப்பில்லை.

ஆகஸ்ட் 15 அணிவகுப்புக்கு முதலாவதே பொருந்தும். நினைவுச்சின்னத்தின் முன் நான் இரண்டாவதையே தேர்வேன். அதைப் பிரெஞ்சிலேயே பாட ஆள் கிடைப்பது இவ்வூரில் அரிதன்று.