அம்மாவின் துணிப்பொம்மைக்கு ஆர்க்கைவல் பெட்டி: வாங்கலாமா?

அம்மா சின்ன வயதில் விளையாடிய பொம்மை இன்னும் எங்களிடம் இருக்கிறது. பாட்டி பழைய பருத்திச் சட்டையை வெட்டித் தைத்தது. உள்ளே இலவம் பஞ்சு, தலையில் கறுப்புக் கம்பளி நூல், இடது கண் பட்டன், வலது கண் நூலில் போட்ட ஒரு பெருக்கல் குறி. (அந்த வலது கண் பட்டனைப் பிடுங்கியது மாமாதான் என்று அம்மா இன்றுவரை சொல்கிறார். மாமா ஒத்துக்கொண்டதே இல்லை.) இதை அடுத்த தலைமுறைக்குக் கெடாமல் கொடுக்க வேண்டும் என்றுதான் இந்தப் பெட்டியை வாங்கினேன்.

அருங்காட்சியகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் புழங்குகிற ரகம். சாம்பல் நிறக் கெட்டி அட்டை, மூலைகளில் பசைக்குப் பதில் உலோகப் பட்டை. அமிலமும் லிக்னினும் இல்லாத அட்டை என்பதற்குத்தான் இந்தக் காசு. மரக்கூழில் இருக்கும் லிக்னின்தான் செய்தித்தாளை மஞ்சளாக்குகிறது. அதே தாளில் துணியைச் சுற்றி வைத்தால் கறை துணிக்கும் ஏறும். நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வது செய்தித்தாள், அதன் மேல் பிளாஸ்டிக் கவர், கூடவே இரண்டு அந்துருண்டை. பிவிசி கவர் நாளாக நாளாக அமில வாயுவைக் கக்கும். அந்துருண்டை சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பொம்மைக்கு மிச்சம் இருப்பதே ஒற்றைப் பட்டன் கண் என்பதால் அந்துருண்டையை நான் கிட்டவே விடவில்லை.

பெட்டியின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூடி இறுகவும் இல்லை, தொளதொளவென்றும் இல்லை. என் புகார் எல்லாம் கூடவே கொடுத்த சாமான்களைப் பற்றித்தான்.

முதலில் டிஷ்யூ தாள், அதாவது பொருளைச் சுற்றவும் மடிப்புகளுக்குள் வைக்கவும் கொடுக்கும் மெல்லிய தாள். அமிலமில்லாத டிஷ்யூவில் இரண்டு வகை உண்டு. கால்சியம் கார்பனேட் சேர்த்துக் காரத்தன்மை ஏற்றியது ஒன்று, எதுவும் சேர்க்காத நடுநிலைத் தாள் இன்னொன்று. பருத்திக்கும் காகிதத்துக்கும் முதல் வகை நல்லது. கம்பளி, பட்டு போன்ற புரத இழைகளுக்குக் காரம் ஆகாது. எங்கள் பொம்மைக்கு உடம்பு பருத்தி, முடி கம்பளி. உறையில் எந்த வகை என்று ஒரு எழுத்துகூட இல்லை. எழுதிக் கேட்ட பிறகுதான் காரம் ஏற்றியது என்று பதில் வந்தது. நடுநிலைத் தாளைத் தனியாக வாங்கிப் போட்டேன். பட்டுப்பாவாடையோ கம்பளித் தொப்பியோ வைக்கப்போகிறவர்கள் இதைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

அடுத்தது சிலிக்கா ஜெல் பொட்டலம். நீல மணி ரகம். ஈரம் இழுத்தால் இளஞ்சிவப்பாகும். அந்த நீலத்துக்குக் காரணம் கோபால்ட் குளோரைடு என்னும் நச்சுப் பொருள். குழந்தைகள் கைபடும் பெட்டியில் எனக்கு அது வேண்டாம். அதுவும் துணிக்கு வேண்டியது ஒரே சீரான ஈரப்பதம், 50 சதவீதத்தை ஒட்டி. எலும்பாகக் காய்ந்தால் இழை முறியும்.

பூச்சி பற்றிக் கையேட்டில் ஒரு வரி இல்லை. அந்துப்பூச்சியின் முட்டையோடு பொம்மையை உள்ளே வைத்தால் எவ்வளவு நல்ல பெட்டியும் அதற்குப் பிரசவ அறைதான். பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி, வாயைக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து எடுத்தேன். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை விட வேண்டும், இல்லையென்றால் துணியில் வியர்த்துவிடும்.

கை, கால் மடிப்புகளுக்குள் டிஷ்யூவைச் சுருட்டி வைத்துப் படுக்க வைத்ததைப் பார்த்து அம்மா, "ஏன்டி, என் பிள்ளைய இப்படிப் பெட்டிக்குள்ள போட்டு அடைக்கற? பேத்தி கேட்டா எடுத்துக் கொடுக்கணும், சொல்லிட்டேன்" என்றார். கொடுக்கத்தான் செய்கிறோம். கை கழுவித் துடைத்துவிட்டு, காலைப் பிடித்துத் தூக்காமல், மடியில் வைத்து.

இன்னொரு குறை, பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் லேபிள். ஒரு பெயர் எழுதத்தான் இடம். யார் தைத்தது, எந்தச் சட்டைத் துணி, பட்டன் வழக்கு என்ன என்றெல்லாம் எழுத ஒரு முழுத் தாள் வேண்டாமா? அந்தக் கதை இல்லாவிட்டால் என் பேரப்பிள்ளைகளுக்கு இது கந்தல் மூட்டை. அம்மா சொல்லச் சொல்ல, மை ஊறிப் பரவாமல் இருக்கப் பென்சிலால் அமிலமில்லாத தாளில் எழுதி, பாலியெஸ்டர் உறையில் போட்டு மூடியின் உட்புறம் வைத்திருக்கிறேன். மாமாவின் தரப்பு வாதத்துக்கும் கீழே இடம் விட்டிருக்கிறது.

ஐந்துக்கு மூன்றரை. பெட்டிக்கு மட்டும் என்றால் நாலரை. பொருளின் நீள அகலத்தைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரல் கூடுதலாகப் பார்த்து வாங்குங்கள், டிஷ்யூவுக்கு இடம் வேண்டும். அடுத்தது அப்பாவின் பம்பரம். அதன் ஆணி இரும்பு, துருப்பிடிக்காமல் இருக்க வறட்சி வேண்டும். அங்கே சிலிக்கா ஜெல் உதவும். கோபால்ட் இல்லாத ஆரஞ்சு மணி ரகமாக வாங்கிக்கொள்வேன்.