கொல்லையில் வாத்தா, வந்து போகும் குருவிகளா?

கடலூரிலோ புதுச்சேரியிலோ வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கொல்லை மிஞ்சியிருப்பவர்களுக்கு இந்த யோசனை எப்படியும் வந்துவிடும். நாலு வாத்து விடலாமா, இல்லை செடி மரம் வைத்து, தானாக வருகிற பறவைகளைப் பார்த்தால் போதுமா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இடம் ஐந்து சென்ட்டுக்குக் குறைவு, பகலில் வீடு பூட்டிக் கிடக்கும் என்றால் வாத்து வேண்டாம்.

தண்ணீர்தான் காரணம். வாத்துக்குக் குளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் தலையை முக்கி மூக்கையும் கண்ணையும் கழுவிக்கொள்ளும் ஆழம் வேண்டும். பழைய பிளாஸ்டிக் டப் போதும். காலையில் தெளிந்த தண்ணீரை ஊற்றுவீர்கள்; மண்ணைத் துழாவிய அலகோடு வந்து முக்கும், கொஞ்ச நேரத்தில் அது டீ நிறமாகிவிடும். எச்சமும் அதிலேயேதான். தினமும் கொட்டி மாற்ற வேண்டும். வாழைக்கும் தென்னைக்கும் அது நல்ல உரம் என்பது உண்மை. கடலூர்க் கடற்கரையான தேவனாம்பட்டினம் பக்கத்து மணலில் கொட்டினால் உடனே இறங்கிவிடும். களிமண் கொல்லையில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் சேறுதான், கூடவே நாற்றம்.

வெளிப்பறவைகளுக்கு அகலமான மண் தட்டும் இரண்டு அங்குலத் தண்ணீரும் போதும். தினம் மாற்றினால் கொசுத் தொல்லையும் இல்லை. 2011 டிசம்பரில் தானே புயல் பெரிய மரங்களைச் சாய்த்துவிட்டுப் போன தெருக்களில்கூட முருங்கை சீக்கிரம் வளர்ந்து பூத்துவிடும். தேன்சிட்டுக்கு அது போதும். செம்பருத்தி இருந்தால் கவனித்துப் பாருங்கள்: பூவின் வாய்ப்பக்கம் போகாமல், அடியில் அலகால் ஓட்டை போட்டுத் தேனை உறிஞ்சிவிட்டுப் போகும். மகரந்தச் சேர்க்கையாவது ஒன்றாவது!

நத்தை ஒழியும் என்றுதான் பலரும் வாத்து கேட்கிறார்கள். குட்டி நத்தைகளை அது தின்னும், சரி. கூடவே கீரை நாற்றும் போய்விடும். செண்பகப் பறவையும் நத்தை தின்னும்; புதரை ஒட்ட வெட்டாமல் விட்டால் அதுவே வரும்.

ஆனால் பழகுகிற சுகத்தில் வாத்துதான் ஜெயிக்கும். காலடிச் சத்தம் கேட்டாலே வரிசையாக ஓடி வரும். பெட்டைதான் பலமாகக் கத்தும். ஆணுக்குக் குரல் கரகரப்பு, வாலில் ஓரிரு இறகு மேலே சுருண்டிருக்கும். காக்கி கேம்பல் வகை நன்றாகத் தீனி கொடுத்தால் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும், அடை மட்டும் சரியாக உட்காராது. நாட்டுக்கோழிக்கு அடியில் வைத்தால் 28 நாளில் பொரியும். நொய்யும் தவிடும் கொடுக்கலாம். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் கடலைப் பிண்ணாக்கு எளிதாகக் கிடைக்கும். ஆனால் பூஞ்சை பிடித்ததைப் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள அஃப்ளடாக்ஸின் நஞ்சைக் கோழி ஓரளவு தாங்கினாலும் வாத்து தாங்காது. இருட்டுவதற்குள் கூட்டில் அடைத்தாக வேண்டும். கீரியும் தெருநாயும் நமக்காகக் காத்திருக்காது. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அடைப்பது யார் என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதுச்சேரியின் மாநிலப் பறவையான குயில் சித்திரையில் விடியும் முன்பே ஆரம்பித்துவிடும். அதற்காக யாரும் நம் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. நம் வாத்து கத்தினால் தட்டுவார்கள்.

இரண்டும் வேண்டும் என்றால் கொல்லையின் ஒரு மூலையை வலை கட்டி வாத்துக்கு ஒதுக்குங்கள். தீனியை வெளியே இறைத்தால் முதலில் வருவது காக்கை. வாத்துக் குஞ்சையும் விடாது, சின்னான் குருவியின் கூட்டையும் விடாது. வாத்தை அடைக்கும் கூட்டுக்குள்ளேயே தீனி வையுங்கள். புதுச்சேரியை ஒட்டிய ஊசுட்டேரிப் பக்கம் வீடு இருந்தால் வாத்துகளை ஏரியில் மேய விட வேண்டாம். குளிர்காலத்தில் அங்கே காட்டு வாத்துகள் வந்து இறங்கும். பறவைக் காய்ச்சல் அவற்றிலிருந்து நம் வாத்துக்கும் வரலாம், நம்முடையதிலிருந்து அவற்றுக்கும் போகலாம்.