புல்-ஆஃப் கருவியுடன் ஆறு வருடம்

பழைய கட்டடங்களின் உத்தரங்களிலும் தூண்களிலும் கார்பன் ஃபைபர் துணி ஒட்டிப் பலப்படுத்துவது எங்கள் வேலை. ஒட்டியது நிஜமாகவே பிடித்திருக்கிறதா என்று பார்க்க, கையால் சுற்றும் புல்-ஆஃப் கருவி ஒன்றை ஆறு வருடமாக வைத்திருக்கிறேன்.

ஏஎஸ்டிஎம் டி7522 என்கிற அமெரிக்கச் சோதனைத் தர முறைதான். ஒட்டு இறுகியதும் 50 மி.மீ. விட்டத்தில் துணியை வட்டமாக அறுத்து, கான்கிரீட்டுக்குள்ளும் 6 முதல் 12 மி.மீ. இறங்க வேண்டும். வட்டத்தின்மேல் டாலி என்கிற உலோக வில்லையை எப்பாக்ஸியால் ஒட்டி, பிய்ந்து வரும்வரை நேராக இழுக்க வேண்டும். ஏசிஐ 440.2ஆர் (அமெரிக்க கான்கிரீட் நிறுவனத்தின் வழிகாட்டி) கேட்பது குறைந்தது 1.4 மெகாபாஸ்கல், இந்த வட்டத்துக்குச் சுமார் 2.75 கிலோநியூட்டன்.

கருவியில் பெரிய குறை இல்லை. வெயிலில் திரை தெரியாது, உத்தரத்தின் அடியில் அண்ணாந்து பிடித்தால் தோள்பட்டை போய்விடும், அவ்வளவுதான். என்னைப் படுத்தியது அந்த வட்டத்தை அறுக்கும் கோர் கட்டர். முதல் வருடம் ஸ்டாண்ட் இல்லாமல் கையில் பிடித்தே அறுத்தோம். கட்டர் ஆடி, இழுப்பதற்கு முன்பே வட்டம் அசைந்துவிடும், எண் 0.6, 0.7 என்று வரும். பாவம், துணிக்கு முன் கான்கிரீட்டில் பூசும் பிரைமரைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஆழம் குறைந்தால் நேர்மாறு: அக்கம்பக்கத்துத் துணியும் சேர்ந்து தாங்கி எண்ணைக் கூட்டிக் காட்டும்.

ஒருமுறை ஒரு கார் நிறுத்தத் தளத்தில் 1.9 வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். டாலியைத் திருப்பினேன்: பளபளவென்று எப்பாக்ஸி, மேலே மெல்லிய வெள்ளைப் பொடி, ஒரு ஜல்லிகூட இல்லை. கான்கிரீட்டின் மேல் படிந்து காய்ந்த சிமென்ட் பால் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டும் முன் அதைத் தேய்த்து எடுக்க வேண்டிய கிரைண்டர் சரியாக ஓடவில்லை. பக்கத்துத் தூணில் 1.5தான், ஆனால் ஜல்லியோடு கான்கிரீட் பெயர்ந்து வந்தது. எனக்கு அதுதான் பாஸ். ஏசிஐயும் எண்ணோடு சேர்த்து, உடைவது கான்கிரீட்டாக இருக்க வேண்டும் என்கிறது. கன்சல்டன்டிடம் அரை நாள் வாதாடி, அந்தப் பகுதியை உரித்து, ஜல்லி தெரியும்வரை தேய்த்து மறுபடி ஒட்டினோம். அப்புறம் ஒவ்வொரு டாலியின் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து ரிப்போர்ட்டில் சேர்க்கிறேன்.

டாலி மட்டும் தனியாகக் கழன்று வந்தால் அந்தச் சோதனை செல்லாது, ஃபெயில் அல்ல. அதைத் தவிர்க்க டாலியையும் துணியின் மேற்பரப்பையும் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

புதிதாக வாங்குபவர்கள் முதலில் கோர் கட்டருக்கு நல்ல ஸ்டாண்ட் வாங்குங்கள். டாலி குறைந்தது இருபது வேண்டும். சூடாக்கிச் சுரண்டினால் திரும்பப் பயன்படும்.