உப்புக்காற்றில் நாலரை வருடம்: வீட்டு வாசலில் மாற்றிய பிரேக் ஹோஸ்கள்

என்னுடையது 2008 மாடல் ஸ்விஃப்ட். பெட்ரோல் வண்டி, ஏபிஎஸ் கிடையாது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். 2021 ஏப்ரலில் அதன் நான்கு ரப்பர் பிரேக் ஹோஸ்களையும் (சக்கரத்துக்குப் பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் வளையக்கூடிய குழாய்கள்) வீட்டு வாசலில் வைத்து நானே மாற்றினேன். அதற்கப்புறம் 46,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. மாற்றிய மறுநாளே எழுதியிருந்தால் ரொம்பப் பெருமையாக எழுதியிருப்பேன். நல்லவேளை, எழுதவில்லை.

முதலில் வந்தது நாற்றம்தான். குற்றாலம் போய்விட்டுத் தூத்துக்குடி திரும்பிய அன்று, வண்டியை நிறுத்தியதும் இடது முன்சக்கரத்தில் கருகல் வாடை. ரிம்மில் கை வைக்க முடியவில்லை. யோசித்துப் பார்த்தால், பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி கொஞ்ச நாளாகவே இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "காலிப்பர் ஜாம் சார்" என்று, டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் அந்தப் பாகத்தின் ரப்பர் கிட்டை மாற்றிக் கொடுத்தார். பத்து நாள் ஒழுங்காக இருந்தது. அப்புறம் அதே கதை.

அதற்கு மேல் காசு கொடுக்க மனம் வராமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஜாக் போட்டேன். பிரேக்கை நாலைந்து முறை மிதித்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் அசையவில்லை. பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில், அந்தச் சக்கரத்துக்குப் போகும் குழாயின் நட்டைத் தளர்த்தினேன், அப்போதும் அசையவில்லை. அதை இறுக்கிவிட்டு, காலிப்பரில் காற்றை வெளியேற்றுவதற்கென்று இருக்கும் ஏர் நிப்பிளைக் கால் சுற்று திறந்தேன். ஆயில் சட்டென்று பீய்ச்சியது, சக்கரம் சுற்றியது. அழுத்தம் இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு இரும்புக் குழாயும் ஒரு ரப்பர் ஹோஸும். இரும்பு ஊதாது.

ஹோஸின் உள்துளையே மூன்று மில்லிமீட்டர் சொச்சம்தான். வயதான ரப்பர் உள்ளே ஊதிவிட்டால், காலால் மிதிக்கும் விசையில் ஆயில் எப்படியோ முண்டியடித்துக் காலிப்பருக்குப் போய்விடும்; திரும்பி வருவதற்கு அப்படி ஒரு விசை இல்லை. அதனால் பிரேக் பிடித்தபடியே நிற்கிறது. வெளியே பார்த்தால் ஒரு கீறல் இல்லை, கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. கழற்றிய பிறகு சைக்கிள் பம்பை வைத்து அடித்துப் பார்த்தேன். வலது ஹோஸில் காற்று சுலபமாகப் போனது. இடதில் பம்பின் கைப்பிடி திருப்பித் தள்ளியது. ஹோஸ் நன்றாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்பவர்களை அன்றிலிருந்து நான் நம்புவதில்லை.

ஒன்று போனால் மற்றவையும் அதே பதின்மூன்று வயதுதானே என்று நான்கையும் மாற்ற முடிவு செய்தேன். முன்பக்கத்துக்குக் கம்பெனி ஒரிஜினல் கிடைத்தது. மேலே எஸ்ஏஇ ஜே1401 என்ற பிரேக் ஹோஸ் தர முத்திரையும் தயாரித்த தேதியும் அச்சாகியிருந்தன. பின்பக்கத்துக்கு அன்று ஸ்டாக் இல்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பேர் தெரியாத ஹோஸை, அளவு சரியாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டேன். இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. குழாய் நட்டைக் கழற்று, கிளிப்பை உருவு, பேஞ்சோ போல்ட்டை (ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும், உள்ளே துளையுள்ள போல்ட்) கழற்று, புதியதை மாட்டு, ஏர் எடு, அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்று. ஆனால் அந்த முதல் சொல் இருக்கிறதே, "நட்டைக் கழற்று", அதில்தான் அரை நாள் போனது. தினமும் உப்பளம் ஓரமாக வேலைக்குப் போய்வரும் வண்டி. முன்பக்கம் இரண்டும் முந்தின இரவே தெளித்து வைத்திருந்த துரு எண்ணெய்க்கு மசிந்தன. பின்பக்க இடது நட்டில், அவசரத்தில் சாதாரண 10 ஸ்பேனரைப் போட்டேன். இரண்டு பக்கம் மட்டுமே பிடிக்கும் வாய். நட்டோ மெத்தென்ற இரும்பு. மூலைகள் மழுங்கிவிட்டன. வைஸ் கிரிப்பைப் போட்டுத் திருப்பினால் நட்டோடு சேர்ந்து குழாயும் முறுக்கிக்கொண்டது.

மூன்று சக்கரத்தோடு அன்றைய வேலை முடிந்தது. குழாயை அறுத்துக் கழற்றி எடுத்துக்கொண்டு மறுநாள் பட்டறைக்குப் போய், அதே அளவில் புதிதாக வளைத்து, முனை விரித்து வாங்கி வந்தேன். மிச்சம் பிடித்த கூலி முழுக்க அதிலேயே போய்விட்டது. குழாய் நட்டுக்கென்றே ஃபிளேர் நட் ஸ்பேனர் உண்டு. வளைய ஸ்பேனரில் ஒரு பக்கம் மட்டும் வெட்டியது போல இருக்கும், நட்டை ஏறக்குறைய முழுக்கச் சுற்றிப் பிடிக்கும். அது வாங்காமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். நான் பாடம் படித்த பிறகுதான் வாங்கினேன்.

உருப்படியாகச் செய்த ஒரு காரியமும் உண்டு. பெடலை ஒரு கட்டையால் பாதி அழுத்தி நிறுத்திவிட்டால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் துளை மூடிக்கொள்ளும். ஹோஸைக் கழற்றினாலும் மேலே இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து ஆயில் முழுக்க வடியாது. ஆனால் பெடல் அழுந்தியிருக்கும் வரை பின்னால் பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. மாலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டே கட்டையை வையுங்கள்.

ஏர் எடுக்க அண்ணன் மகன் சீட்டில் உட்கார்ந்தான். மிதி, பிடி, நான் நிப்பிளைத் திறக்கிறேன், மூடினேன், இப்போது விடு. இப்படி ஒவ்வொரு சக்கரத்துக்கும் பத்துப் பதினைந்து தடவை. "சித்தப்பா, பெடல் தரைக்கே போயிருச்சு" என்று அவன் ஒருமுறை கத்தினான். பேச்சு சுவாரஸ்யத்தில் டப்பாவில் ஆயில் அடிமட்டத்துக்கு இறங்கி, காற்றை உள்ளே இழுத்துவிட்டது. திரும்ப முதலிலிருந்து. முந்தின வருடம் திறந்து வைத்திருந்த ஆயிலை ஊற்றலாமா என்று ஒரு சபலம் வந்தது, அடக்கிக்கொண்டேன். அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு வந்துவிடும். மலை இறக்கத்தில் அது போதாது. பெயிண்டையும் அரிக்கும், இடது மட்கார்டில் ஒரு சொட்டு விழுந்த இடம் இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது.

சரி, நாலரை வருட அனுபவத்துக்கு வருகிறேன்.

மூன்றாம் நாள் வலது முன் பேஞ்சோ போல்ட்டில் லேசான கசிவு. புது செம்பு வாஷர் இரண்டு இருந்தும், ஒன்றை மட்டும் "பழசே நன்றாகத்தான் இருக்கிறது" என்று திரும்பப் போட்டிருந்தேன். மாற்றியதும் நின்றது. அப்புறம் முன்பக்கத்தில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, ஹோஸ் டயரில் உரசவில்லை, முறுக்கவில்லை என்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

பின்பக்கத்துப் பேர் தெரியாத ஹோஸ்கள் இரண்டு வருடம் தாங்கின. 2023-ல் டயர் மாற்றும்போது பார்த்தால், வளைவில் நகக்கீறல் போல வரிசையாக வெடிப்புகள். கசியவில்லைதான், ஆனால் அதைப் பார்த்த பிறகு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போக யாருக்கு மனம் வரும்? இரண்டையும் ஒரிஜினலாக மாற்றினேன். அந்த முறை முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. நட்டுகளின் மேல் 2021-லேயே கிரீஸ் பூசி வைத்திருந்தேன். புது ஸ்பேனருக்கு முனகாமல் திரும்பின.

பெடல் கல் மாதிரி ஆகிவிடும் என்று எதிர்பார்த்து மாற்றுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். முன்பைவிடக் கொஞ்சம் மேலேயே பிடிக்கிறது, அவ்வளவுதான். அதிலும் பாதிப் பெருமை புது ஆயிலுக்குச் சேரும். எனக்குத் தெரிந்த பெரிய மாற்றம், கொடைக்கானல் இறங்கி வந்து நிறுத்தினால் இரண்டு முன்சக்கரமும் ஒரே சூட்டில் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் இறங்கி ரிம்மின் பக்கத்தில் கையை நீட்டிப் பார்க்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.