மாவுப்பூச்சிக்கு மரச்செக்கு வேப்பெண்ணெய்: காசுக்குத் தகுந்த சரக்கா?

எங்கள் தெருமுனை மரச்செக்குக் கடையில் 200 மில்லி வேப்பெண்ணெய் வாங்கினேன். பால்கனிச் செம்பருத்தியிலும் குரோட்டன்ஸிலும் மாவுப்பூச்சி ஏறிவிட்டதுதான் காரணம். எண்ணெய் நல்ல சரக்கு. அடர்பழுப்பு நிறம், மூடியைத் திறந்ததும் வீடு முழுக்க அந்த நெடி. மார்கழிக் காலையில் அடியில் உறைந்து கிடந்தது. அதைப் பார்த்துக் கலப்படம் என்று நினைக்காதீர்கள், வேப்பெண்ணெயின் குணமே அப்படித்தான். வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும்.

பூச்சி சாகுமா என்றால், குஞ்சு சாகும். தாய்ப்பூச்சி லேசில் சாகாது. செம்பருத்தியின் நுனிக்குருத்தைப் பிரித்துப் பாருங்கள். பஞ்சைக் கிள்ளி ஒட்டியதுபோல இடுக்கில் வெள்ளையாக இருக்கும். ஈர்க்குச்சியால் நிமிண்டினால் உள்ளே மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு மெத்தென்ற பூச்சி. அந்தப் பஞ்சுப்பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை. மேலே மெழுகு பூசியிருப்பதால் தெளிக்கிற எதுவும் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடிவிடும்.

அதனால் முதலில் கைவேலை. மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்துத் தொட்டால் மெழுகு கரைந்து பூச்சியின் நிறம் வெளியே தெரியும், அத்துடன் அதன் கதை முடிந்தது. மோசமான கிளைகளை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். அப்புறம்தான் எண்ணெய்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. காதி சோப்பைக் கரைத்து அதில் எண்ணெயைக் கலக்கினால் பால்போல் வெளுக்க வேண்டும். எண்ணெய் தனியாக மிதந்தால் தெளிக்காதீர்கள், இலை கருகும். வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும். முட்டை பொரித்துக்கொண்டே இருக்கும் என்பதால் வாரம் ஒருமுறை விடாமல் தொடர வேண்டும்.

மருந்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பப்பாளி மாவுப்பூச்சியே சாட்சி. 2008-இல் கோவையில் முதலில் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தோட்டம் தோட்டமாக அழித்தது. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த ஒரு பொடிக்குளவிதான் அதை அடக்கியது.

இன்னொன்று. மாவுப்பூச்சிகளுக்கு நடுவே அதே வெள்ளை மெழுகோடு, அளவில் பெரிதாக, விறுவிறுவென்று ஓடும் புழு ஒன்று தென்பட்டால் நசுக்கிவிடாதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு, மாவுப்பூச்சியைத் தின்ன வந்திருக்கிறது. அது இருக்கும் செடியில் நான் எண்ணெய் அடிப்பதில்லை. எறும்பை மட்டும் விரட்டுவேன். பூச்சி கழிக்கும் இனிப்புநீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டை நெருங்க விடாது.

எண்ணெய்க்கு ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுப்பேன். அரை நட்சத்திரம் நெடிக்காகக் குறைத்தது. தெளித்த அன்று பால்கனிக் கதவைத் திறக்க வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை. ஜேட், எச்சிவேரியா மாதிரி சதைப்பற்றுச் செடி மட்டும் வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம், இலையின் சாம்பல் பூச்சே போய்விடும். அவர்களுக்கு ஸ்பிரிட்டும் பஞ்சுக்குச்சியும் போதும்.